ரியாக்டிவ் பந்தும் ராயப்பன்பட்டிக்காரனும்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் ஏராளம். தென்னந்தோப்பு, வாழை, மாடு, டிராக்டர் என்று ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். சொந்தமாகப் பௌலிங் பந்து வைத்திருந்தவன், எனக்குத் தெரிந்து, ராயப்பன்பட்டியில் நான் ஒருத்தன்தான். ஊர் இதை இன்னும் கொண்டாட ஆரம்பிக்கவில்லை.

பௌலிங் என்று சொன்னதும் சித்தப்பா கேட்டது, "ஸ்பின்னா, ஃபாஸ்ட்டா?" கிரிக்கெட் இல்லை சித்தப்பா, வழுவழுப்பான ஒரு நீளத் தரையில் பந்தை உருட்டி, அந்தக் கடைசியில் நிற்கிற பத்து கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம் என்று விளக்கினேன். "உருட்டுறதுக்குப் போயா துட்டு குடுக்குறீங்க?" என்றார். அதற்கு மேல் விளக்க என்னிடமும் ஒன்றும் இல்லை.

சென்னையில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட வியாதி இது. 'டீம் அவுட்டிங்' என்று ஆபீஸில் ஒரு மாலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே ரேக்கில் கலர் கலராக அடுக்கியிருக்கும் பந்துகளுக்கு 'ஹவுஸ் பால்' என்று பெயர். யார் வேண்டுமானாலும் எடுத்து வீசலாம். பெரும்பாலும் பாலியெஸ்டர், அதாவது பிளாஸ்டிக். அதன் ஒரே குணம், விட்ட திசையில் போவது. நான் விட்ட திசை தப்பு என்றாலும் மறுபேச்சு இல்லாமல் போனது. எப்படியோ கட்டைகள் விழுந்து, மேனேஜரைவிட நாலைந்து பாயின்ட் கூடுதலாக வாங்கிவிட்டேன். அந்த வருஷத்து இன்க்ரிமென்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் இன்றுவரை என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

அதோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். பக்கத்து லேனில் ஒரு பையன், சக்கரம் வைத்த பை, மணிக்கட்டில் ஏதோ கவசம். அவன் விட்ட பந்து வலது கட்டரை, அதாவது லேன் ஓரத்துப் பள்ளத்தைப் பார்த்து ஓடியது. போச்சு என்று நான் உச்சுக் கொட்டி முடிப்பதற்குள், முக்கால் தூரத்தில் மனசு மாறி இடது பக்கம் திரும்பி, முன்கட்டைக்கும் அதன் வலப்பக்கத்துக் கட்டைக்கும் நடுவில் புகுந்து பத்தையும் படுக்கப் போட்டது. நான் அவன் கையைப் பார்க்கவில்லை, நடையைப் பார்க்கவில்லை, விரலைப் பார்க்கவில்லை. பந்தைப் பார்த்தேன். விலை என்ன இருக்கும் என்று பார்த்தேன்.

அப்புறம் ராத்திரி ராத்திரியாகப் படிப்பு. முன்னே மரப்பந்துதான் உருட்டினார்கள், லிக்னம் வைட்டே என்கிற கனத்த மரம். 1905-ல் எவர்ட்ரூ என்ற ரப்பர் பந்து வந்தது. பிறகு பாலியெஸ்டர். 1980களின் தொடக்கத்தில் யூரித்தேன். 1990களின் தொடக்கத்தில் வந்ததுதான் ரியாக்டிவ் ரெசின், அதாவது அந்தப் பையன் வைத்திருந்த ரகம். இதன் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு, எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு தரையைப் பிடிக்கும். எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்ற பகுதிக்கு வருவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. பின்னால் வந்த எல்லா வினைக்கும் அந்தத் தூக்கம்தான் காரணம்.

பந்தின் வயிற்றுக்குள் 'கோர்' என்று கோணல்மாணலாக ஒரு கட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் பந்து உருள உருள அதன் சுழலச்சு நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதுத்தோல் தரையைத் தொடும், தொட்ட இடத்தில் பிடிக்கும். நேராகப் போய் முட்டுவதைவிட ஆறு டிகிரி அளவுக்குச் சாய்வாக உள்ளே நுழைகிற பந்துக்குத்தான் பத்தும் விழ வாய்ப்பு அதிகம், அந்தச் சாய்வு வளைகிற பந்துக்குத்தான் வரும். இதையெல்லாம் மனப்பாடம் செய்து லஞ்ச் டேபிளில் எடுத்துவிட ஆரம்பித்தேன். 'டிஃபரென்ஷியல்' வரைக்கும் பொறுத்துக்கொண்டவர்கள், 'அசிமெட்ரிக்' என்றதும் வேறு டேபிள் பார்த்தார்கள்.

வீட்டில் வேறு மாதிரியான எதிர்ப்பு. தமிழ்நாட்டுக்காரர்களே இதில் பெரிய ஆட்கள், ஷேக் அப்துல் ஹமீது, ஷபீர் தன்கோட் இரண்டு பேரும் தேசிய சாம்பியன்கள் என்றேன். 1998-ல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் இந்த ஆட்டம் இருந்தது என்றேன். "ஒலிம்பிக்ல இருக்காங்க?" என்றாள் மனைவி. 1988-ல் சியோலில் கண்காட்சி ஆட்டமாக வைத்தார்கள் என்று சொன்னேன். "நம்ம வீட்டுலயும் கண்காட்சிக்குத்தான் வைக்கப்போறீங்க" என்றாள். தீர்க்கதரிசனம் அவள் குடும்பத்துச் சொத்து.

புதுப் பந்து அமெரிக்காவிலேயே 200 டாலர் வாக்கில் விற்கிறது. இங்கே வந்து சேர்வதற்குள் கப்பல் கூலி, வரி எல்லாம் ஏறும். ஆகையால் செகண்ட் ஹாண்ட். 14 பவுண்டு, அதாவது ஆறேகால் கிலோவுக்கு மேலே. பளபளப்பே இல்லாத மேட் ஃபினிஷ். விற்றவர், "இது ஹெவி ஆயில் பால் சார்" என்றார். நான் ரொம்ப விவரம் தெரிந்தவன்போலத் தலையாட்டினேன். ஆட்டோவில் வரும்போதுதான் சந்தேகம் வந்தது. எந்த எண்ணெய் தடவுவது? தேங்காயெண்ணெயா, நல்லெண்ணெயா?

சிரிக்காதீர்கள். பந்து எண்ணெயை உறிஞ்சும் என்று படித்திருக்கிறேன், ஹெவி ஆயில் பந்து என்று விற்றவர் சொல்கிறார், இரண்டையும் சேர்த்தால் பந்துக்கு நிறைய எண்ணெய் விட வேண்டும் என்றுதானே அர்த்தம்? உங்கள் கையில் கொடுத்திருந்தால் நீங்களும் சமையலறைப் பக்கம்தான் போயிருப்பீர்கள். நல்லவேளை, மாதக் கடைசி. வீட்டில் எண்ணெய் இல்லை.

லேனில்தான் எண்ணெய் இருக்கிறது என்பதை நான் என் பேண்ட் மூலமாகக் கற்றுக்கொண்டேன். பந்தின் துளைகள் முந்தைய சொந்தக்காரர் கைக்கு அளவெடுத்துப் போட்டவை. அவற்றை அடைத்துவிட்டு என் கைக்குப் புதிதாகத் துளைக்கத் தனிக் காசு என்றார்கள், அதை மிச்சம் பிடித்தேன். முதல் வீச்சில் கட்டைவிரல் வெளியே வரவில்லை. பந்து போனது, கூடவே நானும் போனேன். ஃபவுல் லைனைத் தாண்டி உட்கார்ந்த நிலையில் கொஞ்ச தூரம் சறுக்கிக்கொண்டு போய் நின்றபோது, கவுன்ட்டர் தம்பி ஓடிவந்து, "சார், கோட்டைத் தாண்டாதீங்க, அங்கிட்டு எல்லாம் ஆயில்" என்றான். 'அங்கிட்டு' என்றதுமே நம்ம பக்கத்துப் பையன் என்று தெரிந்துவிட்டது. சின்னமனூராம். என் பெயரைச் சொல்லாமல் எழுந்துவிட்டேன்.

அவன்தான் பாவம், முழுசாகச் சொன்னான். ஃபவுல் லைனிலிருந்து முன்கட்டை வரை 60 அடி. அகலத்தில் 39 பலகைக் கணக்கு. இப்போது மரமே இல்லாமல் சிந்தெடிக் போட்டாலும் கணக்கு மட்டும் பலகைதான். ஒரு மெஷின் லேன்மேல் போய்த் துடைத்துவிட்டு எண்ணெய் தடவும். ஒரு லேனுக்கு மொத்தமே 20 முதல் 30 மில்லி, ஒரு சின்ன டம்ளரின் அடியில் நிற்கிற அளவு. அதுவும் முன்பக்கத்து 40 அடி சுமாருக்குத்தான், மீதி 20 அடி காய்ந்த தரை. எண்ணெயில் பந்து சறுக்கும், காய்ந்த இடம் வந்ததும் பிடித்துத் திரும்பும், கடைசியில் சீராக உருளும். அந்தப் பையனின் பந்துக்கு மனசு மாறியது இப்படித்தான். மந்திரம் என்று நினைத்து நான் செலவழித்த பணம், 25 மில்லி எண்ணெய்க்கு.

சாதாரணமாக மால்களில் போடுகிற 'ஹவுஸ் ஷாட்' எப்படி இருக்கும் என்றால், நடுவில் தாராளமாகவும் ஓரத்தில் கஞ்சத்தனமாகவும் எண்ணெய் தடவிய தோசைக்கல்தான். ஓரத்தைவிட நடுவில் எட்டு, பத்து மடங்கு கூட இருக்கும். இதில் ஒரு கருணை உண்டு. கை தப்பி வெளியே விட்டால் காய்ந்த ஓரம் பந்தைப் பிடித்து உள்ளே திருப்பிவிடும். கை தப்பி நடுவில் விட்டால் எண்ணெய் அதைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்ளும். தப்பு செய்கிறவனுக்கென்றே செய்து வைத்த ஏற்பாடு. அதிலும் நான் தப்பித்துக்கொள்ளவில்லை என்பதுதான் மேற்கொண்டு கதை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மால் லேன் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காலையிலிருந்து பிறந்தநாள் பார்ட்டி, காலேஜ் கூட்டம், கல்யாணமாகிப் புதிதாக வந்த ஜோடிகள். இத்தனை பேரின் பிளாஸ்டிக் பந்துகளும் முன்பக்கத்து எண்ணெயைத் தொட்டுக்கொண்டு போய்ப் பின்பக்கத்துக் காய்ந்த தரையில் ஈஷிவைக்கும். 'கேரி டவுன்' என்பார்கள். ஆக, சறுக்க வேண்டிய இடம் காய்ந்துவிட்டது, பிடிக்க வேண்டிய இடம் வழுக்குகிறது. இப்படிப்பட்ட தரையில், எண்ணெய் ஆறாக ஓடினாலும் பிடித்துக்கொள்ளும் என்று கட்டிய பந்தை இறக்கினேன். கையை விட்டுப் போன சுருக்கில் பிடித்தது. 20 அடியிலேயே திரும்பியது. லேனின் அகலத்தை முழுசாகக் கடந்து இடது கட்டரில் இறங்கி, கட்டைகளைத் தொந்தரவு செய்யாமல் ஓரமாகப் போய்விட்டது.

பக்கத்து லேனில் ஒரு குழந்தை, ஆறு வயது இருக்கும். கட்டருக்குத் தடுப்புக் கம்பி போட்டு, டைனோசர் வடிவச் சறுக்கில் பந்தை வைத்துத் தள்ளிவிட்டு, விழுந்ததா என்றுகூடப் பார்க்காமல் ஐஸ்கிரீம் சாப்பிடப் போய்விட்டது. என்னைவிட இரண்டு மடங்கு ஸ்கோர். அதன் அப்பா என்னைப் பார்த்து ஆறுதலாகச் சிரித்தார். எனக்கு அந்த டைனோசரைக் கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டேன். பெரியவர்களுக்குத் தருவதில்லையாம்.

"சார், பந்து இடது பக்கம் ஓடுதுன்னா நீங்களும் இடது பக்கம் தள்ளி நில்லுங்க" என்றான் சின்னமனூர் தம்பி. இதில்தான் எனக்கும் பௌலிங் சாஸ்திரத்துக்கும் முதல் மனஸ்தாபம். இடது பக்கம் போகிற பந்தை வைத்துக்கொண்டு வலது பக்கம் போவதுதானே நியாயம்? வலது பக்கம் போனேன். அங்கேதான் லேனிலேயே வறண்ட ஓரம். பந்து இன்னும் கோபமாகத் திரும்பியது. இடது பக்கம் தள்ளி நின்றால் பந்து நடு எண்ணெயில் கொஞ்ச தூரம் சறுக்கிவிட்டுத் திரும்பும், அதுதான் அவன் சொன்னதன் தாத்பரியம். ஆனால் அன்று அவன் சொன்னதைக் கேட்டிருந்தால் அவன் சொன்னது சரி என்று ஆகியிருக்கும்.

சரி, காய்ந்த லேன்தானே பிரச்சினை, எண்ணெய் போட்டவுடன் வருகிறேன் என்று ஒரு வேலை நாளில் லீவு சொல்லிவிட்டு, மால் திறக்கிற நேரத்துக்கே போய் நின்றேன். காய்ச்சல் என்று சொல்லியிருந்தேன். லேன் பளபளத்தது. என் பந்து பிறந்ததே இப்படி ஒரு காலைக்காகத்தான். வீசினேன். கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. மறுபடி வீசினேன். மறுபடி நேராக. இலவசமாக ரேக்கில் கிடந்த பிளாஸ்டிக் பந்து செய்த அதே காரியத்தை, இத்தனை செலவு வைத்துச் செய்தது.

காரணம் பந்து இல்லை. வளைய வேண்டுமானால் விரல்கள் பந்தைப் பக்கவாட்டில் சுழற்றிவிட வேண்டும், வேகமும் அளவாக இருக்க வேண்டும். வேகம் கூடினால் எண்ணெய் முடிந்து காய்ந்த தரையில் பிடிப்பதற்குள் கட்டை வந்துவிடும். நான் ஞாயிற்றுக்கிழமைக் கோபத்தையெல்லாம் சேர்த்து, சுழற்சியே இல்லாமல், முழு வேகத்தில் வீசிக்கொண்டிருந்தேன். கை கொடுத்த சுழற்சியைப் பந்து பெருக்கிக் காட்டும். பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் என்ன வரும் என்று எங்கள் ஊர் அலோசியஸ் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். நான் எம்.காம்.

சுழற்சி வேண்டுமானால் இரண்டு கையால் வீசலாம் என்று ஒரு வழி தென்பட்டது. ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மோன்டி அப்படித்தான் வீசுகிறார். கட்டைவிரலைத் துளைக்குள் விடுவதே இல்லை. எனக்கோ துளைக்குள் விட்டால் திரும்பி வராத கட்டைவிரல். எங்கள் இருவருக்கும் பொருத்தம் இருக்கிறது என்று தோன்றியது. பொருத்தத்தை இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. காய்ச்சல் என்று லீவு சொன்னவன் மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் போனால் என்ன விளக்கம் சொல்ல முடியும்? அந்தக் கேள்விக்கு மேனேஜரே ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

ஆகஸ்ட் மாதம் பனிமய மாதா திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது பந்தையும் தூக்கிக்கொண்டு வந்தேன். மேல்தோலை மாற்றலாம் என்று படித்திருந்தேன். சொரசொரப்பாக இருந்தால் பந்து சீக்கிரம் பிடிக்கும், அது எண்ணெய் அதிகம் உள்ள லேனுக்கு. வழவழப்பாக்கினால் நெடுந்தூரம் சறுக்கிவிட்டுத் திரும்பும், அது காய்ந்த லேனுக்கு. தேய்க்கிற தாள்களுக்கு நம்பர் உண்டு. 500 சொரசொரப்பு, 4000 வழவழப்பு. ஹார்டுவேர் கடையில் போய் உப்புத்தாள் கேட்டேன். "எந்தக் கதவுக்குண்ணே?" என்றார் கடைக்காரர். பந்துக்கு என்றேன். ரொம்ப நேரம் என்னைப் பார்த்துவிட்டு, கையில் இருந்ததில் நல்லது என்று 80 நம்பரை எடுத்துக் கொடுத்தார்.

நம்பர் குறைந்தால் சொரசொரப்பு கூடும் என்பதை நான் கவனித்திருக்கலாம். விலை குறைந்ததைத்தான் கவனித்தேன். திண்ணையில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அத்தை வந்து, "கிரைண்டர் ரிப்பேரா தம்பி? எங்க வீட்டுதையும் கொஞ்சம் பாத்துவிடு" என்றார். பார்த்துக் கொடுத்தேன். அந்த விடுமுறையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

இதற்குப் பிறகும் ஒரு போட்டியில் சேர்ந்தேன். நுழைவுக் கட்டணம் கட்டினால் யாரையும் சேர்த்துக்கொள்கிற வகை. அங்கேதான் 'ஸ்போர்ட் பேட்டர்ன்' என்கிற கொடுமையைப் பார்த்தேன். நடுவுக்கும் ஓரத்துக்கும் எண்ணெயில் பெரிய வித்தியாசம் வைக்க மாட்டார்கள், மூன்று மடங்கு இருந்தாலே அதிகம். தப்பு செய்தவனைத் திருத்தி அனுப்பும் கருணை கிடையாது. இந்த எண்ணெய்ப் பூச்சுகளுக்கு அமெரிக்காவில் பெயர் வேறு வைத்திருக்கிறார்கள். சீட்டா என்றால் எண்ணெய் குறைந்த தூரம், ஷார்க் என்றால் நெடுந்தூரம். 'டெட் மேன்ஸ் கர்வ்' என்றுகூட ஒன்று உண்டு. நாம் சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறுகிற 18 கொண்டை ஊசி வளைவுக்கும் பூப்பெயர் வைத்திருக்கிறோம். வாந்தி வருவது ஒன்றுதான், ஆனாலும் ஒரு மரியாதை.

போட்டிக்கு முன்னால் பூச்சின் அளவு எழுதிய தாளைக் கொடுத்தார்கள். அதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு, '31 விதி' என்பார்கள். எண்ணெய் எத்தனை அடி நீளமோ அதிலிருந்து 31-ஐக் கழிக்க வேண்டும். வருகிற எண்தான் பந்து எண்ணெயை விட்டு வெளியே வர வேண்டிய பலகை. எங்கள் லேனில் 41 அடி. கழித்தால் பத்து. பக்கத்தில் நின்றவர்கள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்க, நான் மனக்கணக்கிலேயே சொல்லி இரண்டு பேருக்கு உதவியும் செய்தேன். எம்.காம் முதல்முறையாகக் கைகொடுத்தது.

பலகையை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்பதுதான் மிச்சம். வலது கைக்காரன் வலமிருந்து எண்ண வேண்டும். நான் தமிழ் படிக்கிறவன், இடமிருந்து எண்ணினேன். இடது பத்தாம் பலகையைக் குறிவைத்து, ஏற்கெனவே இடது பக்கம் பித்துப்பிடித்து ஓடுகிற பந்தை, 80 நம்பர் தாள் போட்டுத் தேய்த்த தோலோடு விட்டேன். கட்டரில் விழுந்த சத்தம் கேட்டு நான் உதவி செய்த இரண்டு பேரும் தங்கள் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார்கள்.

ஆட ஆட லேனும் மாறிக்கொண்டே போகிறது என்பது இன்னொரு அநியாயம். எல்லோருடைய ரியாக்டிவ் பந்தும் ஒரே தடத்தில் எண்ணெயைக் குடித்துக் குடித்து, முதல் ஆட்டத்தில் சறுக்கிய இடம் மூன்றாவது ஆட்டத்தில் பிடிக்கும். நன்றாக ஆடுகிறவர்கள் இதைப் பந்தின் கடைசி அசைவை வைத்தே கண்டுபிடித்து, ஒரு பலகை, இரண்டு பலகை என்று நகர்ந்துகொண்டே போவார்கள், இல்லாவிட்டால் பையிலிருந்து வேறு பந்தை எடுப்பார்கள். நானும் நகர்ந்தேன். முதுகு வலிக்கு எந்த நாற்காலி சௌகரியம் என்று பார்த்துத்தான் நகர்ந்தேன்.

அவர்கள் பையில் ஒன்றைக் கவனித்தேன். மூன்று நான்கு ரியாக்டிவ் பந்துகளோடு ஒரு பிளாஸ்டிக் பந்தும் இருந்தது. வலது மூலையில் ஒற்றைக் கட்டை மட்டும் நின்றால், அதற்கு வளைகிற பந்து ஆகாது, கட்டையை நெருங்கும்போது விலகிப் போய்விடும். நேராகப் போகிற பிளாஸ்டிக்தான் வேண்டும். தேசிய அளவில் ஆடுகிறவர்களே காசு கொடுத்து வாங்கித் தூக்கிக்கொண்டு வருகிற அந்தப் பிளாஸ்டிக் பந்தை, ரேக்கில் சும்மா கிடக்கிறதே என்று நான் ஏளனமாகப் பார்த்துவிட்டு வந்தவன். மூலைக் கட்டை ஒவ்வொரு முறையும் நின்றபடியே என்னை வழியனுப்பியது.

போகப் போகப் பந்து செத்துவிட்டது. ரியாக்டிவ் பந்துக்கு இந்த விதி உண்டு. குடித்த எண்ணெய் தோலிலேயே தங்கி, ஒருநாள் பிடிமானம் போய்விடும். வெந்நீரில் ஊறவைத்து எண்ணெயைக் கக்க வைக்க வேண்டும். கொதிக்கிற நீரில் போட்டால் விரிசல் விடும், சூடு அளவாக இருக்க வேண்டும், கொஞ்சம் சோப்பும் சேர்க்கலாம். சென்னை வீட்டில் அவ்வளவு பெரிய பாத்திரமும் இல்லை, மனைவியின் அனுமதியும் இல்லை. எனவே மறுபடி ராயப்பன்பட்டி. பின்கட்டில் அண்டாவில் வெந்நீர் போட்டேன்.

"எதுக்குடா இதுக்குக் குளிப்பாட்டு?" என்றார் அம்மா. எண்ணெய் இறங்கணும்மா என்றேன். அம்மா உள்ளே போய்ச் சீயக்காய்த்தூள் டப்பாவைக் கொண்டுவந்து அண்டாவில் ஒரு கை போட்டார். கிண்டலுக்குப் போட்டாரா, நிஜமாகவே போட்டாரா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மேல் எண்ணெய் மிதந்தது. இந்த மொத்த விவகாரத்திலும் எண்ணெயைப் பற்றிச் சரியான முடிவு எடுத்த முதல் ஆள் அம்மா.

சுத்தமான பந்தைப் பார்த்ததும் சித்தப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. "தோட்டத்துக் களத்துல ஒரு தடவ உருட்டிக் காட்டுப்பா, எம்புட்டுத்தான் வளையுதுன்னு பாப்போம்" என்றார். மச்சான்மார், பிள்ளைகள், அன்றைக்கு மருந்தடிக்க வந்திருந்த ஆட்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். பத்து தண்ணீர் பாட்டிலை நிறுத்தினார்கள். எண்ணெயே இல்லாத சிமென்ட் தரை. இந்தத் தரையில் பந்து என்ன செய்யும் என்று உலகத்தில் யாரும் படம் போட்டுக் கொடுக்கவில்லை. என்னைச் சுற்றி நின்றவர்கள் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. அது அரை நிமிஷம் இருந்தது.

திராட்சைக்குப் பூஞ்சாண நோய் வராமல் அடிக்கிற போர்டோ கலவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். களத்தின் ஓரத்தில், தரைமட்டத்துத் தொட்டியில் கரைத்து வைத்திருந்தார்கள். களத்துக்கு அந்தப் பக்கம் வாட்டம் இருப்பது, மழைத்தண்ணீர் போக வேண்டும் என்று சித்தப்பாவே வைத்தது, என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். பந்து பாட்டில்களைப் பார்த்து நாலு அடி போனது. பிறகு அழகாக, நான் இத்தனை காலம் ஆசைப்பட்ட அதே வளைவில், இடது பக்கம் திரும்பித் தொட்டிக்குள் இறங்கியது. கைதட்டினார்கள். அதுதான் குறி என்று நினைத்துவிட்டார்கள்.

12 பவுண்டுக்குக் குறைந்த பௌலிங் பந்து தண்ணீரில் மிதக்கும். எல்லாப் பந்தும் ஒரே அளவு, எடை மட்டும்தான் வேறு, அதனால் அப்படி. என்னுடையது 14. வாங்கும்போது, ஆம்பிளை கனமாகத்தான் எடுக்க வேண்டும் என்று நினைத்து எடுத்தது. தொட்டிக்குள் நான்தான் இறங்கினேன்.

சீயக்காய் போட்டுக் குளித்து, எண்ணெயெல்லாம் இறங்கி வெறும் வயிற்றோடு இருந்த பந்து. தொட்டியில் கிடந்த நேரத்தில் வேண்டிய மட்டும் குடித்துவிட்டது போலிருக்கிறது. கழுவிப் பார்த்தேன், துடைத்துப் பார்த்தேன், 80 நம்பரால் தேய்த்தும் பார்த்தேன். அங்கங்கே திட்டுத் திட்டாக நீலம் நின்றுவிட்டது. என் முழங்கால் வரைக்கும் நின்ற நீலம் இரண்டு நாளில் போய்விட்டது. மாமனார் வீட்டு விசேஷம் அந்த இரண்டு நாளுக்குள்தான் வந்தது.

கடைசியில் விற்றுவிட்டேன். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன், டீம் அவுட்டிங்கில் பக்கத்து லேன்காரன் பந்து வளைவதைப் பார்த்துவிட்டு வந்தவன். வீட்டுக்கு வந்து பந்தைக் கையில் தூக்கிப் பார்த்தான். கட்டைவிரலை விட்டான், எடுத்தான். அவனுக்கு வந்துவிட்டது. லேனைப் பார்த்து ஆட வேண்டும், காய்ந்த லேனுக்கு இது ஆகாது என்று எல்லாவற்றையும் யோக்கியமாகச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. நீலத் திட்டைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், இது லிமிடெட் எடிஷனா?" என்றான்.

இந்தக் கலர் அமெரிக்காவில்கூடக் கிடைக்காது தம்பி என்றேன். மனைவி உள்ளேயிருந்து இருமினாள்.

"ஹெவி ஆயில் பால்னு சொன்னீங்களே சார், என்ன ஆயில்?"